வலைக் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போகலாமா?

நாகர்கோவிலை ஒட்டி வலைக் கம்பெனி நடத்தும் மூன்று சகோதரர்கள் சென்ற ஆவணியில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூவரும் சேர்ந்து வருவது அபூர்வம். மூத்தவர் ஒரு கோப்பை மேசைமேல் வைத்தார். கம்பெனிகளின் பங்கு வெளியீட்டை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் மும்பையிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனது. “தம்பி, பதினைந்து கோடி திரட்டித் தருவார்களாம். வட்டி கிடையாதாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாமாம். கடன் வாங்கியே பழகிய எங்களுக்கு இது நம்பும்படியாக இல்லை. நீ பார்த்துச் சொல்” என்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மாவட்டத்துக் குடும்பத் தொழில்களின் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். வலை, ரப்பர், முந்திரி, கயிறு எல்லாம் உண்டு. பங்குச் சந்தை பற்றி முன்பெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் இது ஐந்தாவது குடும்பம். ஆகவே அவர்களுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பை விரித்து, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் தொகைகளையும் மாற்றி இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவட்டும்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு விற்பனை 60 கோடி. வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றுக்கு முந்தைய லாபம் 5.5 கோடி. தேய்மானம் 70 லட்சமும் இப்போதுள்ள கடன்களின் வட்டி 80 லட்சமும் போனால் 4 கோடி. வரி ஏறத்தாழ 1 கோடி. மிச்சம் 3 கோடி. தேய்மானம் கையைவிட்டுப் போகும் பணம் இல்லை என்பதால், ஆண்டுக்கு 3.7 கோடி கையில் நிற்க வேண்டும். நிற்பதில்லை. ஏன் என்பதைக் கடல் சொல்லும்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டு கடலுக்கும் சொந்தம். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கில். படகு கரையில் நிற்கும் அந்த மாதங்களில்தான் வலையைப் பழுது பார்ப்பார்கள், புதிதாக வாங்குவார்கள். அப்போது அவர்கள் கையில் காசு இருக்காது. கடலுக்குப் போய், பாடு கிடைத்து, மீன் விற்ற பிறகுதான் பணம் திரும்பும். அதற்குள் கம்பெனி நைலான் நூலுக்குப் பணம் கட்டிவிட்டிருக்கும்; அந்த நூலின் விலையோ கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். லாபம் ஏட்டில் இருக்கிறது, பணம் படகில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது ஒரு கதவை அடைக்கப்போகிறது.

இப்போது தேவைப்படும் பணம் 15 கோடி. அதில் 8 கோடி புதிய முடிச்சு இயந்திரங்களுக்கும் அவற்றுக்கான கட்டடத்துக்கும். 7 கோடி நூல் இருப்புக்கும் கடன் விற்பனைக்கும்.

பெரிய சந்தை என்கிற முதன்மைப் பட்டியலை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கே போகும் நிறுவனத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி செயல்பாட்டு லாபம் 15 கோடி இருக்க வேண்டும். மூன்று ஆண்டிலும் லாபம் வந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வெளியீட்டில் 75 விழுக்காட்டைப் பெரிய நிதி நிறுவனங்களே எடுக்க வேண்டும். 60 கோடி விற்பனை உள்ள வலைக் கம்பெனிக்காக எந்த மியூச்சுவல் ஃபண்டும் நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுக்காது. இந்தத் தொழிலே சந்தைக்கு ஏற்றதல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புனேயின் கார்வேர் டெக்னிக்கல் ஃபைபர்ஸ் மீன்வலை செய்யும் நிறுவனம்தான், நீண்ட காலமாகப் பட்டியலில் இருக்கிறது. அளவு வேறு, அவ்வளவுதான்.

இளையவர் வேறொரு வழியை மனத்தில் வைத்திருந்தார். “வெளியாருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நம் ஆட்களிடமே வாங்கலாமே. மாமா, சித்தப்பா, சபையில் தெரிந்தவர்கள், வளைகுடாவில் இருக்கும் பையன்கள். ஆளுக்குப் பத்து லட்சம் என்றாலும் நூற்றைம்பது பேர் போதும்” என்றார். எல்லா வழிகளிலும் என் தூக்கத்தைக் கெடுக்கும் வழி இதுதான். நம் ஊரில் இது நல்ல எண்ணத்தோடுதான் தொடங்குகிறது. ஒரு குடும்பத்தின் மீதுள்ள நம்பிக்கையில், மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரசீது கூட வாங்காமல் போவார்கள்.

சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இயக்குநரும் அவருடைய உறவினரும் கடன் தரலாம். தாம் தருவது வேறிடத்தில் கடன் வாங்கிய பணமல்ல என்று அவர் எழுதித் தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் உறவினர் என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன் மருமகள், உடன்பிறந்தவர்கள்தான். சித்தப்பாவும் மைத்துனரும் அந்தப் பட்டியலில் இல்லை. பங்காகக் கொடுத்தாலும் தனியார் கம்பெனியில் உறுப்பினர்கள் 200 பேரைத் தாண்டக் கூடாது. பொதுமக்களை அழைக்கவே கூடாது. 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், அப்படிப் பணம் வாங்கியவருக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. பொதுமக்களிடம் பணம் திரட்டிய சஹாரா குழுமம் ‘இது தெரிந்தவர்களுக்கு மட்டுமான தனிப்பட்ட விநியோகம்’ என்று வாதாடியபோது, உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் அதை ஏற்காமல், முதலீட்டாளர்களின் பணத்தை 15 விழுக்காடு வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சிறைக்குப் பயந்து மட்டும் நான் இதை மறுக்கவில்லை. ஒரு கெட்ட ஆண்டு வந்தால், அந்த நூற்றைம்பது வீடுகளின் கல்யாணத்துக்கும் இறப்புக்கும் இந்தக் குடும்பம் தலைகாட்ட முடியாது. வங்கி மேலாளர் மாற்றலாகிப் போய்விடுவார். சித்தப்பா அடுத்த தெருவிலேயே இருப்பார்.

தனியார் முதலீட்டு நிறுவனம் என்ற வழியை நடுவிலவர் கேட்டார். ஒரு ஃபண்ட் வந்து 15 கோடி கொடுத்துப் பங்கு எடுத்துக்கொள்ளும். அதன் நன்மை உண்மையானது. கணக்கைச் சீராக்கும், ஏற்றுமதி வாடிக்கையாளரைக் காட்டும், குடும்பத்துக்குள் பேச முடியாத விஷயத்தைக் கூட்டத்தில் வைத்துப் பேச வைக்கும். ஒரே ஒரு ஆளோடுதான் பேச்சு. ஆயிரம் பங்குதாரர்கள் இல்லை. ஆனால் அந்த ஒரு ஆளின் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். இயக்குநர் குழுவில் ஓர் இடம், பெரிய முடிவுகளுக்கு அவருடைய சம்மதம், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வெளியேறும் உரிமை, வெளியேற முடியாவிட்டால் குடும்பமே பங்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற கட்டாயம், அதுவும் முடியாவிட்டால் மொத்தக் கம்பெனியையும் வேறொருவருக்கு விற்க இழுத்துச் செல்லும் உரிமை. கடைசி இரண்டையும் நிதானமாக இரண்டு முறை படியுங்கள் என்று சொன்னேன். பங்கு என்ற பெயரில் வரும் பணம், அந்த விதிகள் இருந்தால், தவணை தெரியாத கடனாகிவிடுகிறது. தவிர, இவ்வளவு சிறிய தொகைக்கு, அதுவும் கடலை நம்பிய தொழிலுக்கு, நல்ல ஃபண்டுகள் வருவது அரிது. வருபவர்கள் விலையை அமுக்குவார்கள்.

ஆக, மிஞ்சியது இரண்டு. வங்கிக் கடன், அல்லது சிறு நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்.எம்.இ. பங்குச் சந்தை. உண்மையான ஒப்பீடு இவற்றுக்கு இடையில்தான்.

கடனின் கணக்கு

15 கோடியையும் வங்கியில் வாங்கினால், 10 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 1.5 கோடி, வரிச் சலுகை போக 1.12 கோடி. அசல் 2.14 கோடி. மொத்தம் 3.26 கோடி. ஆண்டுக்குக் கையில் நிற்க வேண்டிய 3.7 கோடியில் ஏறத்தாழ எல்லாம் வங்கிக்கே போகும். புதிய இயந்திரம் லாபம் தரத் தொடங்கும்வரை மூச்சுவிட இடம் இல்லை.

2017 நவம்பர் 30ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போயிருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து வீடுகளில் அந்தத் துயரத்துக்கு முன்னால் வலை பாக்கியைப் பற்றி யார் பேச முடியும்? மூத்தவர் பேசவில்லை. பல வீடுகளின் பாக்கியை அவர் கணக்கிலிருந்து கிழித்தே போட்டுவிட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் வங்கியின் தவணை அந்த டிசம்பரிலும் வந்தது, ஜனவரியிலும் வந்தது. அவர் மனைவியின் நகையை வைத்துத்தான் கட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது. கடன் பணத்துக்கும் பங்குப் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்புத்தகம் ஆயிரம் வகையில் விளக்கலாம். நம் கடற்கரைக்கு இந்த ஒரு விளக்கம் போதும்: புயல் அடித்த ஆண்டில் பங்குதாரர் தவணை கேட்க மாட்டார்.

அதனால் கடனே கூடாது என்றில்லை. முழுத் தொகையையும் கடனாக வாங்குவதுதான் கூடாது. 8 கோடியை மட்டும் இயந்திரத்துக்கு வாங்கினால், அசல் 1.14 கோடி, வரி போக வட்டி 60 லட்சம், ஆண்டுக்கு 1.74 கோடி. கையில் நிற்கும் பணம் ஒரு கெட்ட ஆண்டில் பாதியாகக் குறைந்தாலும், அதாவது 1.85 கோடியானாலும், தவணை தப்பாது. மேலும், குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டத்தின் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 5 கோடியிலிருந்து 10 கோடியாக உயர்ந்திருக்கிறது. இந்தக் கம்பெனி இன்னும் சிறு நிறுவன வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனால் புதிய கடனுக்காக அம்மா பெயரில் உள்ள நிலத்தை மறுபடியும் ஈடு வைக்காமல் கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

சந்தையின் கணக்கு

எஸ்.எம்.இ. சந்தை 2012இல் தொடங்கியது. மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் தனித்தனியே நடத்துகின்றன. வெளியீட்டுக்குப் பின் செலுத்திய மூலதனம், அதாவது எல்லாப் பங்குகளின் முகமதிப்புத் தொகை, 25 கோடிக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு இது. தேசியப் பங்குச் சந்தை இதற்காக நடத்தும் எமர்ஜ் தளத்தில் முதலில் பட்டியலிடப்பட்டது சென்னையின் தேஜோ இன்ஜினீயரிங் என்ற செய்தி மூன்று சகோதரர்களுக்கும் தெம்பு கொடுத்தது.

கணக்கு இப்படி. லாபம் 3 கோடி. அதைப் போல் 15 மடங்கு விலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், கம்பெனியின் மதிப்பு 45 கோடி. 15 கோடி புதிதாக வந்தால் 60 கோடி. பொதுமக்கள் கையில் 25 விழுக்காடு. குறைந்தபட்சம் அவ்வளவு கொடுத்தே தீர வேண்டும் என்பதும் விதி. குடும்பம் 75. பெறும் தொகையில் பத்தில் ஒரு பங்கைச் செலவுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன்: மெர்ச்சன்ட் பேங்கர், வழக்கறிஞர், பங்குப் பதிவாளர், பங்கை வாங்கவும் விற்கவும் தயாராக நிற்க வேண்டிய மூன்று ஆண்டுக் கட்டாய மார்க்கெட் மேக்கர், விற்காத பங்கை வாங்கிக்கொள்வதாக முழு வெளியீட்டுக்கும் தரும் அண்டர்ரைட்டிங் உத்தரவாதம். ஆக, கைக்கு வருவது 13.5 கோடி.

அந்த மும்பைக்காரரின் கோப்பு 2024ஆம் ஆண்டின் உற்சாகத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு மோட்டார் சைக்கிள் ஷோரூம் வைத்திருந்த ஒரு நிறுவனம் 12 கோடி கேட்டது. ஏறத்தாழ 4,800 கோடிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. டிராஃபிக்ஸால் என்ற நிறுவனம் 44.87 கோடி திரட்டி, பட்டியலிடும் முன்பே நிறுத்தப்பட்டது. மென்பொருள் வாங்கப்போவதாகக் காட்டிய விற்பனையாளரே சந்தேகத்துக்குரியவர் என்று தெரிந்ததால், அந்த டிசம்பரில் செபி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதன் பிறகு 2025 மார்ச்சில் விதிகள் இறுகின. அந்த இறுக்கத்தை நான் வரவேற்கிறேன். சிறு முதலீட்டாளரின் பணம் அப்படிப் போகக் கூடாது.

இப்போதைய விதிகளில் இந்தக் குடும்பத்தைத் தொடுபவை சில. முந்தைய மூன்றில் இரண்டு ஆண்டுகளாவது செயல்பாட்டு லாபம் 1 கோடி வேண்டும். இவர்களுக்கு அது உண்டு. குடும்பத்தின் பழைய பங்குகளை விற்பது மொத்த வெளியீட்டில் 20 விழுக்காட்டுக்குள். அதிலும் ஒருவர் தம் பங்கில் பாதிக்கு மேல் விற்க முடியாது. திரட்டிய பணத்தில் குடும்பத்தாரின் கடனை அடைக்கக் கூடாது. இங்கே நடுவிலவரின் முகம் மாறியது. தாம் கம்பெனிக்குக் கொடுத்த 2 கோடி திரும்பும் என்ற எண்ணத்தில்தான் அவர் இந்தத் திட்டத்தை ஆதரித்து வந்தார். இதைத் தொடக்கத்திலேயே பேசிவிட்டது நல்லதாயிற்று. குடும்பம் குறைந்தது 20 விழுக்காட்டை மூன்று ஆண்டு பூட்டி வைக்க வேண்டும். மீதிப் பங்கில் பாதி ஓராண்டுக்குப் பின்பும் பாதி இரண்டாண்டுக்குப் பின்பும்தான் விடுபடும். வாங்குபவருக்கும் குறைந்தபட்ச விண்ணப்பமே 2 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆகவே நம் ஊர் ஆசிரியரோ ஓட்டுநரோ ஆசைப்பட்டு ஒன்றிரண்டு பங்கு வாங்கும் சந்தையல்ல இது. வாங்குபவர் குறைவு என்பதால் விற்க நினைக்கும் நாளில் விலை சரியும்.

இனி, அடைபடும் கதவு. தேசியப் பங்குச் சந்தை 2024 செப்டம்பர் முதல் இன்னொரு நிபந்தனை வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு ஆண்டுகளாவது, எல்லாச் செலவும் முதலீடும் கடன் தவணையும் போகப் பங்குதாரருக்கு மிஞ்சும் ரொக்கம் நேர்மறையாக இருக்க வேண்டும். இந்தக் கம்பெனிக்குக் கடந்த மூன்றில் ஒரே ஒரு ஆண்டுதான் அப்படி. ஏட்டில் லாபம், படகில் பணம். மும்பைக்காரரின் கோப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வெளியார் கைக்குக் கம்பெனி போய்விடுமோ என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்தவருக்கு அதுதான் பெரிது. தென்மாவட்டங்களில் இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் பெரும்பகுதிப் பங்குகள் 1990களில் வெளியார் கைக்குப் போனதும், அவற்றை மீட்கச் சமூகத்தினர் இயக்கம் நடத்தியதும் எங்கள் தலைமுறை நேரில் கண்டது. ஆனால் கவனியுங்கள்: அது நடந்தபோது அந்த வங்கி பட்டியலிடப்பட்டிருக்கவில்லை. சந்தைக்கு வந்தது 2022 செப்டம்பரில்தான், 510 ரூபாய் விலையில், ஏறத்தாழ 808 கோடிக்கு. பட்டியலில் இல்லாததால் பங்கு பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறு. 75 விழுக்காடு வைத்திருக்கும் குடும்பம் சேர்ந்து நிற்கும்வரை யாரும் கம்பெனியைப் பறிக்க முடியாது. வெளியார் ஒருவர் 25 விழுக்காட்டை எட்டினால் மற்றப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்கிக்கொள்வதாக வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆபத்து, மூன்று வீடுகளில் ஒன்று தன் 25 விழுக்காட்டோடு தனியே பிரிந்து போகும் நாளில்தான்.

எந்த வழியானாலும் முதலில் வீட்டுக்குள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பப்ளிக் லிமிடெட் ஆக மாற்றுவது காகித வேலை. குறைந்தது ஏழு உறுப்பினர்கள், மூன்று இயக்குநர்கள், ஒரு சிறப்புத் தீர்மானம், பதிவாளருக்கு விண்ணப்பம். சில மாதங்களில் முடிந்துவிடும். பங்குகளை டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்றுவது, தகுதி பெற்ற ஆடிட்டரை வைத்து மூன்று ஆண்டுக் கணக்கை விதிப்படி மறுபடி வகுத்து எழுதுவது, சுயேச்சை இயக்குநர்களையும் ஒரு பெண் இயக்குநரையும் தேடுவது, முழுநேரக் கம்பெனிச் செயலரை அமர்த்துவது எல்லாம் பணம் கொடுத்தால் நடக்கும். நாகர்கோவிலில் தங்கி வேலை பார்க்கும் கம்பெனிச் செயலர் கிடைப்பதுதான் கொஞ்சம் கடினம். நம் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள்.

பணம் கொடுத்து முடிக்க முடியாதவை மூன்று.

முதலாவது நிலம். கம்பெனி நிற்கும் ஒன்றரை ஏக்கர் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அது அவருக்கு அவருடைய தந்தை வழியாக வந்தது. மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில். 1956க்கு முன் இந்த மண் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், இங்கே பழைய பத்திரங்கள் பலவும் அப்படித்தான். அதில் ஓர் ஒற்றி குறிக்கப்பட்டிருக்கிறது. அது மீட்கப்பட்டதற்கான ஆவணம் கைவசம் இல்லை. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும் வழக்கறிஞர் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிடுவார். அம்மாவுக்கு உடன்பிறந்த பெண்கள் இருவர். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சமபங்கு உண்டு என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. அந்தச் சித்திகள் இதுவரை கேட்டதில்லை. கேட்காததாலேயே உரிமை இல்லை என்றாகாது. அவர்கள் பங்கைப் பேசித் தீர்த்து, எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சந்தைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டியது.

இரண்டாவது, உறவுக்குள் நடக்கும் வியாபாரம். நூலில் ஒரு பகுதி இளையவரின் மைத்துனர் கடையிலிருந்து வருகிறது. லாரி, மூத்தவரின் மருமகனுடையது. விலை நியாயமாகத்தான் இருக்கிறது என்று மூவரும் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் பட்டியலிட்ட பின், ஒவ்வொன்றையும் தணிக்கைக் குழு முன் வைத்து, வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கல்யாண வீட்டில் ‘இந்த வருஷம் நல்ல ஓட்டம்’ என்று ஒரு வார்த்தை சொல்வதுகூட, கணக்கு வெளியாகும் முன் என்றால், உள்தகவல் விதியை மீறுவதாகிவிடும். மூத்தவர் இயல்பாகப் பேசுபவர். இந்தக் கட்டுப்பாடு அவரை எவ்வளவு வருத்தும் என்பதை மற்ற இருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் வாதாடினேன். கம்பெனிக்குள் வேலை செய்யும் பெண்களுக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் வீட்டிலிருந்தபடி வலை கோத்துக் கொடுக்கும் பெண்கள் எண்பது பேருக்கும் மேல். அவர்களுக்குக் கூலி கையில், பதிவேடு ஒரு நோட்டுப் புத்தகம். பங்கு வெளியீட்டுக்காக முதலீட்டாளர்களுக்குத் தரும் விளக்க ஆவணத்தில் இதை மறைக்க முடியாது. பின்னாளில் வரக்கூடிய பாக்கியாகக் காட்ட வேண்டும். பல ஆலோசகர்கள் இதற்குச் சொல்லும் வழி, ஒரு ஒப்பந்தக்காரரை நடுவில் நுழைத்துக் கையைக் கழுவிக்கொள்வது. நான் அதை எழுதிக் கொடுக்க மறுத்தேன். இருபது வருடம் இந்தக் கம்பெனியின் வலையைக் கோத்து விரல் காய்த்துப்போனவர்களை, பங்கு விலை ஏறப்போகும் நேரத்தில் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது எந்த வகையில் நியாயம்? அவர்களைப் பதிவேட்டில் கொண்டுவந்தால் ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். லாபம் 25 லட்சம் குறைகிறது. 15 மடங்கு என்ற கணக்கில், கம்பெனியின் மதிப்பு 3.75 கோடி குறையும். மூத்தவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “குறையட்டும்” என்றார்.

என் முடிவு

இப்போது சந்தைக்குப் போக வேண்டாம். மூன்று ஆண்டு கழித்துப் போகலாம், போகும் தகுதியோடு.

8 கோடிக்குத் தவணைக் கடன் வாங்கி இயந்திரத்தைப் போடுங்கள். மீதி 7 கோடியை இப்போது யாரிடமும் கேட்க வேண்டாம். அதில் பாதியாவது படகுகளிடமும் வியாபாரிகளிடமும் நிற்கும் பாக்கி. ஒரு பருவத்து வலைக்கு மறு பருவத்துக்குள் பணம் வர வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தால், ரொக்கமும் வரும், தேசியப் பங்குச் சந்தையின் அந்த நிபந்தனையும் நிறைவேறும். புயல், விபத்து நேர்ந்த வீடுகளுக்கு மூத்தவர் வழக்கம்போல விட்டுக்கொடுக்கட்டும். அதற்கென ஆண்டுக்கு ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிக் கணக்கில் காட்டுங்கள்.

மூன்று ஆண்டில் புதிய இயந்திரத்தோடு லாபம் 5 கோடியாக உயர்ந்தால், அதே 15 மடங்கில் கம்பெனி 75 கோடி. அதே 25 விழுக்காட்டைக் கொடுத்தால் 25 கோடி வரும். இன்று அதே பங்குக்கு 15 கோடிதான். அந்த விலை மடங்கு அன்று கிடைக்காமல் போகலாம், அதையும் மூவரிடமும் சொல்லிவிட்டேன். பத்து மடங்குதான் கிடைத்தாலும், 50 கோடி மதிப்பில் ஏறத்தாழ 16.7 கோடி வரும்; இன்றைக்குக் கிடைப்பதைவிடக் குறையாது.

இதே கேள்வியோடு வரும் வேறு குடும்பத்துக்கு என் விடை மாறலாம். வெளிநாட்டுக்கு விற்று, தொண்ணூறு நாளில் பணம் வரும் கயிற்று நிறுவனமாக இருந்தால், இன்றே சந்தைக்குப் போகச் சொல்லியிருப்பேன். நிலமும் வாரிசும் தெளிவாக இருந்தால் இன்னும் விரைவாக. பணம் குடும்பத்தின் பழைய கடனை அடைக்கத்தான் என்றால், எந்த ஆண்டிலும் வேண்டாம் என்பேன்.

நடுவிலவர் தம் 2 கோடியைப் பங்காக மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதன் விலையை வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் போட்டுத் தருவார். பழைய மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர் மார்த்தாண்டம் பக்கம் கிடைத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை அம்மாவும் சித்திகள் இருவரும் அவர் முன்னால் உட்காரப்போகிறார்கள். மூலப்பத்திரத்தை அம்மா தம் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, என்னிடம் கொடுத்திருக்கிறார்.